நிரப்பாத தறிக்குழி

யஹ்யா சிந்தசைசர் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் தரையின் அதிர்வு நிற்கவில்லை.

வெறுங்காலோடு நின்ற கொத்தன் செல்வமணியின் உள்ளங்கால் வழியாக அந்த அதிர்வு ஏறி முழங்காலில் வந்து உட்கார்ந்தது. மேலப்பாளையத்துப் பழைய தறிக்கூடம் அது; போன மாதம்தான் அவன் நெசவாளி காலை இறக்கி உட்காரும் தறிக்குழியை மூடிப் பூசி, யஹ்யாவின் இசை வேலைக்கு ஒப்படைத்திருந்தான். வெளியே மத்தியான வெயில் கொளுத்தினாலும், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி அடைத்த அந்த அறைக்குள் ஈரச் சிமெண்டு வாடையும், அதற்கும் அடியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி புளித்த வாடையும் கலந்து கிடந்தன.

மேசையில் இரண்டு அனலாக் பேஸ் சிந்தசைசர்கள். எதை வைத்துக்கொள்வது என்று யஹ்யா ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரே சுரம், ஒரே அளவு சத்தம், மாற்றி மாற்றி.

"இந்தக் கறுப்புல சத்தம் உருண்டையா, கனமா வருது. சாம்பக் கலரு அறுத்துக்கிட்டுப் போவுது. ரெண்டும் வேற வேற மிஷினு. ஆனா அடியில வார இரைச்சல் மட்டும் ஒண்ணுபோல இருக்கு. அது மிஷின்ல இல்ல வே, உம்ம தரையில இருக்கு. குழியை முழுசா நிரப்பினீரா?"

"அடிவரைக்கும் மணல் போட்டு இடிச்சேன் தம்பி."

பொய். குறுக்கே பலகை அடித்து, மேலே இரண்டு விரல் கனம் காங்கிரீட்டோடு முடித்திருந்தான். கீழே நெசவாளி காலால் மிதித்துத் தறி ஓட்டும் மிதிகட்டைகள்கூட அப்படியே கிடந்தன. மிதியைக் கழற்றாமல் குழியை மூடாதே என்று அடுத்த வீட்டு நெசவாளி நூர்முகம்மது சொன்னதை, கொத்தனுக்குத் தறியோடு என்ன வேலை என்று தள்ளிவிட்டான். வெளியே தெரிந்தால் இந்தத் தெருவில் இனி ஒருவரும் அவனைக் கொத்துக்கரண்டியோடு வாசலேற்ற மாட்டார்கள்.

"நூர்முகம்மது மாமாவைக் கூப்பிடுதேன். அவரு வந்து பாக்கட்டும்."

"அவரு எதுக்கு? நானே ஒடச்சிப் பாக்கேன்."

"பாரும். பத்து வீட்டுல பூசி மெழுகின கையி. எங்கிட்ட நடக்காது, பாத்துக்கிடும்."

யஹ்யா ஸ்பீக்கரை அணைத்தான். ஹெட்போனை மாட்டி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அறை செத்துப்போனதுபோல் அமைதியானது.

குழியை மூடிய இடத்தில் செல்வமணி உளியை ஊன்றினான். சுத்தியலை ஓங்கவில்லை. காலடியில் தரை மட்டும் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் ஏதோ மரத்தில் மரம் தட்டுவதுபோல, அவசரமில்லாமல், பழகிய வேலைபோல.

டக்.

டக்.

இடம். வலம்.

ஓடிவிடலாம். ஓடினால் நூர்முகம்மது வந்து உடைப்பார். கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலை இறக்கினான்.

நாலாவது அடியில் பலகை முறிந்தது. இடுப்புவரை உள்ளே போனான். குழி விளிம்பில் உட்கார்ந்த மாதிரி, நெசவாளி உட்காருகிற மாதிரி. புளிப்பு வாடை மூக்கில் அடைத்தது. பாதங்கள் தேடாமலே மிதிகட்டைகளில் போய் நின்றன.

காலை இழுத்தான்.

வரவில்லை.

அவன் பாதங்களின் மேல் வேறு இரண்டு பாதங்கள் இருந்தன. சில்லென்று. நனைந்து. விரலுக்கு நேராக விரல்.

"தம்பி."

யஹ்யா திரும்பவில்லை.

மேலே இருந்த பாதம் அழுத்தியது. இடம்.

பிறகு, வலம்.

மேசையருகே யஹ்யா கண்ணை மூடி, சாம்பல் நிறச் சிந்தசைசரின் குமிழைப் பையத் திருகினான். செல்வமணியின் முழங்கால்கள் ஏறி இறங்கிய அதே தாளத்துக்கு அவன் தலை ஆடிக்கொண்டிருந்தது.