கண் மட்டும் உட்காரவில்லை

பதினோராவது நாளும் கண்கள் கெட்டுப்போயிருந்தன.

முந்தின சாயங்காலம் அவள் தூரிகையைக் கழுவி வைத்தபோது கேன்வாஸில் இருந்த அவளுடைய முகம் அவளை நேராகத்தான் பார்த்தது. காலையில் காபியோடு வந்து நின்றால், கருவிழி இரண்டும் அவள் இடது தோளுக்கு மேலே, பின்பக்கம் எதையோ பார்க்கின்றன.

"சனியன்!" காபியைக் கீழே வைத்துவிட்டு, காயாத சாயத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள்.

பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுவது அவள் பிழைப்பு. இருபது வருஷமாகத் தவளையின் குடலும் பூவின் குறுக்குவெட்டுமாக வரைந்து தள்ளியவளை, ஓவியர்கள் தங்களையே வரைந்த படங்களுக்கான கண்காட்சிக்கு முதல் தடவையாகக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை படம் போய்ச் சேர வேண்டும். இன்று புதன். தவளைக்கெல்லாம் ஒழுங்காக உட்கார்ந்த கண், சொந்த மூஞ்சிக்கு மட்டும் உட்காராமல் அழிச்சாட்டியம் பண்ணியது.

மத்தியானம் தங்கை சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் ஊரார் கருவிழிக்கு அளவெடுக்கிறவள். அக்கா தினமும் புலம்பி அனுப்பிய போட்டோக்களைச் செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவள், சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அக்கா, நீ தப்பா வரையல."

"அப்புறம்? கண்ணு தானா திரும்புதாக்கும்?"

"முதல் நாள் பாரு. ரெண்டு விழியும் விலகி இருக்கு. தூரத்துல எதையோ பாக்குது. அந்தக் கதவுகிட்டன்னு வையேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் மூக்குப் பக்கமா ஒதுங்குது. பாக்குற பொருள் கிட்ட வரவரத்தான் கண்ணு ரெண்டும் இப்படிச் சேரும்."

"இப்ப எவ்வளவு கிட்ட?"

தங்கை செல்போனிலிருந்து நிமிர்ந்தாள். அக்கா உட்கார்ந்து வரையும் ஸ்டூலுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், வெறும் தரையைப் பார்த்தாள்.

"என்கூடக் கிளம்புக்கா. இன்னிக்கு இங்க இருக்க வேண்டாம்."

"ரெண்டே நாள்தான் இருக்கு. உன் கடைக் கதையை என்கிட்ட அளக்காத, போடி!"

தங்கை போனதும் வீடு அடங்கிப்போயிற்று. அடுக்களையில் ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது. ஜன்னல் வெளிச்சம் கேன்வாஸின் மேல் பால் போல விழுந்தது. டர்பன்டைன் நெடிக்கு அடியில், வருஷக்கணக்கில் திறக்காத அலமாரியைத் திறந்ததுபோல, புழுங்கிய துணியின் வாடை ஒன்று மெல்ல எழுந்து அவள் பின்கழுத்தில் வந்து படிந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் தங்கை சொன்னதை நம்பியதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே இருந்த நிலைக்கண்ணாடியை ஒரு பார்வை, கேன்வாஸில் ஒரு தீற்று என்று மூன்று மணிவரை வரைந்தாள்.

முடிந்தது. தூரிகையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

விழி நகரவில்லை. படம் அவளை நேராகப் பார்த்தது. கோணல் இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா! பதினோரு நாள் உயிரை வாங்கிவிட்டு, இப்போது எவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது!

ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று கண்ணாடியை ஏறிட்டாள்.

அதில் அவளுக்குப் பின்னால் யாரும் தெரியவில்லை. கதவு சாத்தியே இருந்தது.

ஆனால் கண்ணாடியில் இருந்த முகம் அவளைப் பார்க்கவில்லை.

அவள் இமைத்தாள். அது இமைக்கவில்லை. இரண்டு விழிகளும் மூக்கை ஒட்டிச் சேர்ந்து, அவள் இடது தோளுக்கு மேலே குத்திட்டிருந்தன. பிறகு நகர்ந்தன. மெதுவாக. எதையோ தொடர்ந்தபடி. இடது தோள். தலைக்குப் பின்னால். வலது தோள்.

வலது காது.

அங்கே நின்றன.

காதோரத்து முடி அசைந்தது.

கண்ணாடிக்குள் அவள் வாய் அலறுவதற்காக அகலத் திறந்தது. இங்கே அவள் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.