மறதி மாத்திரை

செத்துப்போய்விட்டான்!

டோரீன் டீச்சர் முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், மானாப்புல்லுக்குள் கிடந்தான் அழகன். ஏழாம் வகுப்பு. பனியில் நனைந்த சட்டை. நீலம் பாய்ந்த உதடு. வாயோரம் நுரை.

மூக்கருகே விரலை வைத்தாள்.

மூச்சு இருந்தது... இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு!

மூடியிருந்த கையைப் பிரித்தாள். பாதி கரைந்த ஒரு வெள்ளை மாத்திரை.

'மறதி!'

அது பையன்கள் வைத்த பெயர். எழுபத்தேழு இனக் கலவரத்தில் லயத்து வீடுகள் எரிந்து, போன வருஷம் இந்தத் தோட்டத்துக்கு ஓடிவந்த பிள்ளைகள் அவர்கள். தன் அப்பனை வெட்டியதைக் கண்ணால் பார்த்தவன் அழகன். வகுப்பில் திடீரென்று அலறுவான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் அலறும்.

சில மாதமாக அலறல் நின்றிருந்தது. பிள்ளைகள் மேசையில் கவிழ்ந்து தூங்கினார்கள். என்னடா தின்றீர்கள் என்றால், "மறதி டீச்சர்" என்று இளித்தார்கள்.

யார் கொடுத்தது என்று கேட்டால் மட்டும் வாய்க்குப் பூட்டு!

டோரீன் கூச்சல் போடவில்லை. பாதையில் வந்த கொழுந்து லொறியைக் கைகாட்டி மறித்தாள். கூட்டாளி வீட்டில் தூங்குகிறான் என்று நம்பியிருந்த அவன் அம்மா வீரம்மாவையும் வழியில் ஏற்றிக்கொண்டாள். லயத்தில் ஒரு ஈ காக்கைக்கும் விஷயம் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"வயித்தைக் கழுவியாச்சு. இந்தக் கரைஞ்ச துண்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. என்ன மாத்திரைன்னு தெரியணும் டீச்சர். தெரியாம மேல மருந்து குடுத்தா, நாமளே கொன்னுருவோம்."

"தெரிஞ்சா?"

"பொழைக்க வழி இருக்கு. சீக்கிரமா தெரியணும்."

வீரம்மா டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தரைப் பறிகுடுத்துட்டேங்க. இவனையும் குடுக்க முடியாதுங்க. அந்தப் பாவி யாருன்னு பாருங்க டீச்சர்!"

டோரீனுக்கு அழுவதற்கு நேரமில்லை.

மாத்திரை என்றால் தோட்டத்தில் ஒரே ஆள்தான். மருந்துக்காரன் டக்ளஸ்! நேராகக் கேட்டால் சத்தியம் செய்வான். சத்தியம் சர்க்கரைப் பொங்கல் அவனுக்கு.

தோட்டத்துக்குத் திரும்பியவள் தப்படிக்கும் வீரய்யாவின் கதவைத் தட்டினாள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்ட, அடிப்பதும் அவர்தான். சாவு விழுந்தால் அடிப்பதும் அவர்தான். அடி மட்டும் வேறு.

"சாவு அடி அடிக்கணும் வீரய்யா."

"ஐயோ... யாருங்க டீச்சரம்மா?"

"யாருமில்ல. அழகன் ஆஸ்பத்திரில உசிருக்குப் போராடுறான். மாத்திரை குடுத்தவன் யாருன்னு கண்டுபிடிக்கணும்."

வீரய்யா இரண்டடி பின்வாங்கினார்.

"உசிரோட இருக்கற புள்ளைக்கா? அடுக்குமாங்க? மாரியம்மா கண்ணைக் குத்திருவா!"

"அவனுக்கு அடிக்காதீங்க. குடுத்தவனுக்கு அடிங்க!"

வீரய்யா தப்பை எடுத்து நெருப்பில் காய்ச்சினார்.

பள்ளிக்கூடம்.

இன்று கல்வி அதிகாரி வருகிற நாள். வாசலெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தது. விறாந்தையில் ஒரு சிறுமியின் சிரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான் டக்ளஸ். டோரீன் ஆளனுப்பி வரவழைத்திருந்தாள்.

மேட்டிலிருந்து கிளம்பியது அந்தச் சத்தம்...

சாவு அடி!

மலையில் கொழுந்தெடுத்த கைகள் நின்றன. ஒரு தேயிலை நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குக் கேள்வி பாய்ந்தது. யாரு? எந்த லயம்?

டோரீனின் கண் டக்ளஸை விட்டு நகரவில்லை.

டக்ளஸ் சட்டென்று நிமிர்ந்தான்.

"யாரு டீச்சர்? எந்த லயத்துல? எங்கிட்ட மருந்து வாங்காம எவன் செத்தான்?"

முகத்தில் நிஜமான கோபம். தன்னைக் கேட்காமல் ஒருவன் எப்படிச் சாகலாம் என்கிற கோபம்!

இவன் இல்லை...

அப்படியானால் யார்?

டாண்... டாண்... டாண்...

பள்ளிக்கூட மணி.

அடித்தவர் தலைமையாசிரியர் யேசுரட்ணம். வெள்ளை வெளேர் சட்டை, கழுத்தில் டை. பரம சாது. எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்பார்.

"பிள்ளைங்களா, எழும்பி நில்லுங்க. தப்புச் சத்தம் கேட்டீங்கல்ல? நம்ம ஏழாம் வகுப்பு அழகன் கடவுள்கிட்ட போயிட்டான். எல்லாரும் கண்ணை மூடி..."

"சார்!"

"ஜெபம் நடக்குது டீச்சர்."

"செத்தது அழகன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அதான்... தப்பு அடிச்சாங்களே!"

"சாவு விழுந்துச்சுன்னுதான் தப்பு சொல்லும். யாருன்னு சொல்லாது. தோட்டமே யாரு யாருன்னு கேக்குது. நீங்க மட்டும் கேக்கல!"

மறதியை விநியோகித்த மனிதர், கேட்க மறந்துவிட்டார்!

"அவன் சாகல சார். என்ன மாத்திரை? சொல்லுங்க!"

"சாகலையா...?"

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து சாயந்தரம் மூச்சு நின்னுருச்சுன்னு நெனச்சேன்... புல்லுக்குள்ள விட்டுட்டு வந்துட்டேன்..."

"நல்லா கவனிச்சுப் பாத்திருந்தா மூச்சு இருந்திருக்கும் சார்! என்ன மாத்திரை?"

"என் சம்சாரத்தோட வலிப்பு மாத்திரை. தினம் ஒண்ணுதான் குடுப்பேன். இன்னிக்கி அதிகாரி வர்றாரே, கத்திருவானோன்னு பயம்... நேத்தே ஒரு கை அள்ளிக் குடுத்தேன்."

"எதுக்கு சார்? எதுக்கு?"

"போன தடவை அவரு என்ன சொன்னாரு தெரியுமா? இவ்வளவு அமைதியான பள்ளிக்கூடத்தை நான் பாத்ததில்லைன்னாரு! டவுன் ஸ்கூலுக்கு மாத்துறேன்னாரு!"

டக்ளஸ் அதற்குள் தலைமையாசிரியரின் அலுமாரியை உடைத்திருந்தான். சாக்குக்கட்டிப் பெட்டிக்குப் பின்னால் மருந்துப் போத்தல்!

வாசலில் ஜீப் வந்து நின்றது. கல்வி அதிகாரி மாலையை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டியபடி இறங்கினார். டக்ளஸ் போத்தலோடு ஜீப்புக்குள் பாய்ந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு விடுப்பா! அதிகாரி நடந்து போகட்டும்!"

மத்தியானம்வரை பிள்ளைகள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொருவராக வந்து, பையிலிருந்த மாத்திரைகளை டோரீனின் மடியில் போட்டார்கள். ஒரு சின்னப் பெண், "இது இல்லாட்டி நெருப்பு வருங்க டீச்சர்" என்று அழுதாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு டோரீனும் அழுதாள்.

தலைமையாசிரியரின் அறை வாசலில் வீரய்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொலிஸ் வந்து யேசுரட்ணத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த நேரம், டக்ளஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"கண்ணு முழிச்சுட்டான் டீச்சர்! முழிச்சதும் போட்டான் பாருங்க ஒரு அலறல்... ஆஸ்பத்திரியே எழும்பி உக்காந்துருச்சு!"

யேசுரட்ணம் திரும்பினார். கண்ணில் பழைய அதிகாரம்.

"கேட்டீங்களா? நாளையிலருந்து எல்லாம் அலறும். என்ன பண்ணுவீங்க டீச்சர்?"

"பக்கத்துல உக்காந்து கேப்பேன் சார்."

"பள்ளிக்கூடத்துல அமைதி வேணாமா?"

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தமே வராத எடம் தோட்டத்து மேட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு சார். அதுக்குத் தலைமையாசிரியர் வேணாம்... குழி வெட்டுறவன் போதும்!"