காத்திருப்போர்

"நீங்கதான் எழுதறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு—"

"நான் எழுதறனா? ஏனம்மணி, செத்த புள்ள பேர்ல போயி—"

"அப்படிச் சொல்லாதீங்க."

"—அவ பேர்ல போயி, அதைக் காட்டு, இதை மாத்துன்னு எழுதிப் போடறதுக்கு எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

"அப்ப யாருங்க? பாஸ்வேர்டு தெரிஞ்சது நம்ம மூணு பேர்த்துக்குத்தான்."

"நான் எழுதலை. அவ இல்லை. மிச்சம் யாருன்னு நீயே சொல்லு."

லோகப்பிரியா மடிக்கணினியைப் படக்கென்று மூடினாள். சோமனூரில் அன்றைக்கு மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும், வீட்டை ஒட்டிய கொட்டகையில் பன்னிரண்டு தறிகளும் ஒரே மூச்சில் அடங்கிவிட்டன. வாக்கப்பட்டு வந்த பதிமூன்று வருடமாக அந்தத் தடதடப்புக்குள்ளேயே சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு அது ஓடும்போது காதில் விழாது, நின்றால்தான் விழும். இப்போது இருவரும் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதை நினைத்தோ என்னவோ, அவள் புருஷன் கிருபாசங்கர் குரலைத் தணித்தான்.

"நானும் ஒரு நா உக்காந்து அத்தனையும் படிச்சேன் அம்மணி. அவளே எழுதினதா இருந்துட்டுப் போகட்டும்னுதான் படிச்சேன். உனக்கு மட்டுந்தான் ஆசையா? ஆனா அதுல சிரிப்பே இல்லை. நம்ம புள்ள நாலு வரி எழுதினா, ரெண்டு வரி நக்கலாத்தான இருக்கும்?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

"திருப்பூர் போயிட்டு வாரேன். தறிக்குப் பாவு நூல் எடுக்கோணும். பொழுதோட வந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கழட்டிப்போடறேன். சைட்டும் வேண்டாம், தாயமும் வேண்டாம். மிச்சமிருக்கற நாம ரெண்டு பேரு இருக்கோணும்ல."

வண்டிச் சத்தம் தேய்ந்து, ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் போய், இல்லாமல் ஆனது.

அந்தச் சைட்டைக் கட்டியது லோகப்பிரியாதான். எம்.சி.ஏ. படித்துவிட்டுத் தறிக்காரர் வீட்டுக்கு வந்தவள். மௌனிகாவுக்கு எட்டு வயதானபோது, பவானியிலிருக்கும் பெரியத்தை பங்காரம்மாவோடு அவள் போனில் தாயம் ஆடுவதற்கென்று விளையாட்டாக ஆரம்பித்தது. மூன்று வருடத்தில் எண்ணூறு பேர் ஆடினார்கள். 'உங்க யோசனை' என்று அதில் ஒரு பக்கம் உண்டு. என்ன மாற்றலாம், என்ன சேர்க்கலாம் என்று யாரும் எழுதலாம். எழுதினால் ஒரு நம்பர் விழும்; லோகப்பிரியா செய்து முடித்ததும் பச்சை டிக் விழும். எல்லாரையும்விட அதிகமாக எழுதியது மௌனிகாதான். அதுவும் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு.

'தோத்தவங்களுக்கு ஒரு பாட்டு வைங்க. ஜெயிச்சவங்க பாட்டு இல்லாமயே ஆடுவாங்க.'

'பெரியத்தை ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிசம் யோசிக்குது. கட்டைய உருட்டறதுக்கு எதுக்குங்க யோசனைன்னு ஒரு மெசேஜ் வர்ற மாதிரி செய்யுங்க.'

"இதை நேர்ல வந்து சொன்னா ஆகாதா கண்ணு?" என்று இவள் இங்கிருந்து கத்துவாள்.

"நேர்ல சொன்னா மறந்துபோடறீங்க. எழுதினா நம்பர் வருது."

புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். பப்பாளி இலையைக் கசக்கிப் பிழிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னார்கள், குடித்தாள். அப்புறம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. அப்புறம் ஒன்றுமில்லை. பதினோரு வயது.

நாற்பத்தைந்தாம் நாள், மௌனிகாவின் கணக்கிலிருந்து புதிதாக ஒரு யோசனை வந்தது.

'பாதில போனவங்க எடத்தைக் கம்ப்யூட்டருக்குக் குடுத்துபோடறீங்க. குடுக்காதீங்க. வர்ற வரைக்கும் வெச்சிருங்க.'

லோகப்பிரியா அதை ஒருவரிடமும் காட்டவில்லை. யாராவது காரணம் சொல்லி அதைப் பறித்துவிடுவார்களோ என்று பயம். சமையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அன்றைக்கே செய்து, பச்சை டிக் போட்டாள். பத்து நாள் கழித்து இரண்டாவது வந்தது.

'வெளிய எத்தனை பேர் காத்துட்டிருக்காங்கன்னு மேல காட்டுங்க.'

அதையும் செய்தாள். பக்கத்தின் உச்சியில் சின்ன எழுத்தில், காத்திருப்போர்: 1.

அன்றைக்கு ஆட்டத்தில் யாருமே இல்லை. அவள் சரிபார்த்தாள். எண்ணூறு பேரில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அந்த ஒன்று அழியவில்லை. அது முதல் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அவள் அந்த ஒன்றைத்தான் பார்த்தாள். இருக்கிறாள், போகவில்லை, நிற்கிறாள் என்று நெஞ்சு ஒரு நிமிடம் நிறையும். அடுத்த நிமிடம், எங்கே நிற்கிறாள், எதன்மேல் நிற்கிறாள், காலில் செருப்பு இருக்கிறதா என்று கேட்டு அந்த நெஞ்சே அறுக்கும்.

மூன்றாவது, இன்று காலை வந்தது. சண்டை அதனால்தான்; 'நான் எழுதலை' என்று அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு.

'வெட்டுப்பட்ட காய் திரும்ப உள்ள வரோணும்னா தாயம் உளுகோணும்னு வெச்சிருக்கீங்க. எத்தனை நாளானாலும் உளுக மாட்டீங்குது. கூப்பிட்டா வரலாம்னு மாத்துங்க.'

தாயத்தில் அது பழைய சட்டம். வெட்டுப்பட்ட காய் கட்டத்துக்கு வெளியே போய்விடும். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் திரும்ப ஏறலாம். விழாவிட்டால், ஆட்டம் முடிகிறவரை வெளியேதான்.

மத்தியானத்துக்கு மேல் லோகப்பிரியா மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மேல் அறைக்குப் போனாள். சைட் ஓடுகிற கம்ப்யூட்டர் அங்கே இன்வெர்ட்டரில் முனகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை. காய்ந்த பஞ்சுத் தூசி ஜன்னல் கம்பியில் தாடிபோலத் தொங்கி, காற்றே இல்லாதபோதும் மெல்ல அசைந்தது. எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் இருமி, காறித் துப்பி, கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு ஊரில் ஆளே இல்லாததுபோல ஆயிற்று.

வேலை பெரிதல்ல. ஒரு பட்டன் வைக்க வேண்டும். அழுத்தினால் வெளியே நிற்பவர் உள்ளே வரவேண்டும். பட்டனில் என்ன எழுதுவது என்பதில்தான் அவள் கை நின்றது. 'மௌனிகா, வா' என்று எழுதலாம். எண்ணூறு பேர் பார்ப்பார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள், பாவம் என்பார்கள், பாவம் என்பதைத்தான் அவளால் தாங்க முடியாது. அதுவுமில்லாமல், வாசலில் நிற்கிறவர்களைப் பேர் கேட்டுக்கொண்டா கூப்பிடுவோம்? இந்த ஊரில் கேட்டருகே யார் வந்து நின்றாலும் முதலில் வாங்க, சொம்பில் தண்ணி, அப்புறந்தான் நீங்க யாருங்க. பெற்ற பிள்ளையையே வாங்க கண்ணு, சாப்பிடுங்க கண்ணு என்று வளர்த்த வாய்.

'உள்ள வாங்க' என்று எழுதினாள். பேர் போடவில்லை.

அழுத்தினாள்.

காத்திருப்போர்: 0.

ஒன்றும் நடக்கவில்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கீழே, வாசல் கேட்டின் இரும்புக் கொண்டியைத் தூக்கிப் போடுகிற சத்தம். மௌனிகா எப்போதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூடாமல் ஓடி வருவாள். இது மெதுவாகத் தூக்கியது. மெதுவாக மூடியது.

"கண்ணு?" என்றாள் லோகப்பிரியா.

கீழே ஹாலில் பித்தளைத் தாயக்கட்டைகள் உருண்டன. ஒரு தரம். நின்று, இன்னொரு தரம்.

அவள் திரையைப் பார்த்தாள். காத்திருப்போர்: 4.

பட்டனில் அவள் கை இல்லை. பட்டன் தானாக உள்ளே அமுங்கி மேலே வந்தது.

காத்திருப்போர்: 19.

அமுங்கியது. மறுபடி கேட்டின் கொண்டி.

காத்திருப்போர்: 63.

இன்வெர்ட்டர் மூன்று முறை கூவி அணைந்தது. கம்ப்யூட்டரின் முனகல் நின்றது. சைட் செத்துவிட்டது, அவளுக்குத் தெரியும், அது ஓட வழியே இல்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கீழே கொண்டியும் விடாமல் தூக்கித் தூக்கி விழுந்தது, கல்யாண வீட்டுக்கு ஒறம்பரை சனம் வருகிற மாதிரி, ஒருவர் பின் ஒருவராக, அவசரமே இல்லாமல். யாரும் பேசவில்லை.

போன் கையில் இருந்தது. கிருபாசங்கரைக் கூப்பிட்டாள்.

"என்னம்மணி? பல்லடம் ரோட்டுல நிக்கறேன், மழை."

"ஏனுங்க, பாப்பா வந்துட்டாளுங்க."

அந்தப் பக்கம் மழைச் சத்தம். அதற்கு நடுவே, உடைந்த குரலில், "அழுகாத. வந்துடறேன். கதவைச் சாத்திட்டு இரு. கேக்குதா? சாத்திட்டு இரு."

அவள் சாத்தவில்லை. எந்தத் தாய் சாத்துவாள்? படியிறங்கினாள்.

வாசனை முதலில் வந்தது. பப்பாளி இலையின் கசப்பு வரும் என்று அவள் மூக்கு காத்திருந்தது. வந்தது அதுவல்ல. நாள்பட்டுப் புளித்த கஞ்சியில் ஊறிய நூலின் வீச்சம். ஈரச் சுவரின் வீச்சம்.

பாதிப் படியில் தெரிந்தது. ஹாலின் நடுவே ஜமக்காளத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கவுன். இரட்டைச் சடை. ஒல்லியான கழுத்து. அந்தக் கழுத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயமெல்லாம் போய்விட்டது. கால் தானாக இறங்கியது.

"கண்ணு. இத்தனை நாளா எங்கடா தங்கம் நின்ன?"

அது திரும்பவில்லை. கட்டையை உருட்டியது.

"அம்மா மேல கோவமா? ஊசி போடச் சொன்னேன்னு கோவமா?"

பக்கத்தில் போய் மண்டியிட்டாள். தோளைத் தொட்டாள். கவுன் துணியாக இல்லை. வழவழவென்று, கண்ணாடி மாதிரி, குளிர்ந்திருந்தது.

அது திரும்பியது.

மௌனிகாதான். அதே நெற்றி, அதே ஓட்டைப் பல், பாதிச் சிரிப்பு. கன்னத்தில் அதே மச்சம்.

இடது கன்னத்தில்.

மௌனிகாவுக்கு மச்சம் வலது கன்னத்தில். சுவரில் மாலை போட்டிருக்கும் மஞ்சள் கவுன் படத்தில் மட்டும் இடது. அது அவள் போனில் தானே எடுத்துக்கொண்டது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடமும் வலமும் மாறி விழுந்த படம். மாற்றித் தரட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டபோது, அழுகையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இது பிள்ளையைப் பார்த்து வந்ததல்ல. படத்தைப் பார்த்து வந்தது.

லோகப்பிரியா பின்னால் நகர்ந்தாள். முதுகு எதிலோ இடித்தது. வழவழப்பு. குளிர்.

கண் இருட்டுக்குப் பழகியது.

சுவரோரம். சோபாவில். பீரோ இடுக்கில். சமையலறை வாசலில். சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்து, ஒறம்பரை மாதிரி ஒழுங்காக. மஞ்சள் கவுன். மஞ்சள் கவுன். மஞ்சள் கவுன். அத்தனை முகத்திலும் அதே பாதிச் சிரிப்பு. அத்தனை இடது கன்னத்திலும் மச்சம். ஹால் நிரம்பி, கால் வைக்க இடமில்லை. கடைசியாக வந்தது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது. பிறகு எல்லாம் சேர்ந்து அவளைப் பார்த்தன, அடுத்தது என்ன என்று கேட்பதுபோல.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அப்போது, கேட்டுக்கு அந்தப்பக்கம், ஓட்டமாக வந்து நிற்கிற கால். காய்ச்சலில் கம்மிப்போன, இன்னும் சரியாகாத, ஒரு சின்னக் குரல். பெற்றவளுக்கு இரண்டாம் தரம் கேட்கத் தேவையில்லாத குரல்.

லோகப்பிரியா வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு வழவழத்த சின்னக் கை அதை மெதுவாக, மரியாதையாக மூடியது.

"அம்மா, நான் வெளிய நனைஞ்சுட்டு நிக்கறனுங்க. உள்ள எனக்கு எடமிருக்குதுங்களா?"