திரையில் வராத புள்ளி

பிணம் மீன் வலையில் வந்தது!

துள்ளுகிற ஹெர்ரிங் மீன்களுக்கு நடுவே, காலில் ரப்பர் பூட்ஸ் கூடக் கழலாமல்... டோர்கில்!

வலை, அவனுடைய அண்ணன் ஹால்வரின் வலை.

டோர்கில் அலாஸ்காவின் கோவ்லின் விரிகுடாவில் மீன் பார்க்கும் பைலட். சின்ன விமானத்தில் வட்டமடிப்பான். தண்ணீரில் கறுப்பாய்த் திரளும் மீன் கூட்டத்தைக் கண்டதும் கீழே படகில் இருக்கும் அண்ணனுக்கு ரேடியோவில் சொல்வான்.

நேற்றுக் காலை வானத்தில் நாற்பது விமானங்கள். அரசாங்கம் மீன் பிடிக்க அனுமதித்தது இருபதே நிமிடம். பதினோராவது நிமிடத்தில் இரண்டு விமானங்கள் உரசின.

ஒன்று கடலில் விழுந்தது. மற்றொன்று ஒடிந்த சக்கரத்தோடு மணலில் இறங்கியது.

இறங்கியவள் டெல்லா. டோர்கிலை விவாகரத்து செய்தவள்!

வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது. போன வாரம்தான் மதுக்கடையில், "அவன் மட்டும் என் றெக்கைக்கு முன்னாடி வரட்டும், இருக்கு!" என்று கிளாஸை ஆட்டியிருந்தாள். கேட்டவர்கள் அத்தனை பேரும் போலீஸ்காரர் வாசிலியிடம் வந்து அதை ஒப்பித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது மீன் பதப்படுத்தும் ஆலையின் மாடி அறை. வாசிலி அலாஸ்காவின் பூர்வகுடிகளான யூப்பிக் இனத்து மனிதர். ஒரு சால்மன் கருவாட்டை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஹால்வர் மேஜையைக் குத்தினார்.

"இன்னும் என்ன சார் விசாரணை? விலங்கை மாட்டுங்க! என் தம்பியைக் கொன்னவ இவதான்!"

"கத்தாதீங்க கேப்டன். கருவாடு தொண்டையில சிக்கிக்கும்... நீ சொல்லும்மா."

டெல்லா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பெட்டி சத்தமே போடல சார்."

"எனக்குப் படகு தெரியும், நாய் வண்டி தெரியும். விமானம் தெரியாது. என்ன பெட்டி?"

"பக்கத்துல வர்ற விமானத்தைக் காட்டற பெட்டி சார். கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி. சுத்தி இருக்கற ஒவ்வொரு விமானத்தையும் 'இருக்கியா?'ன்னு கேக்கும். அதுல இருக்கற டிரான்ஸ்பாண்டர், 'இருக்கேன், இத்தனை உயரத்துல'ன்னு பதில் சொல்லும். உடனே என் திரையில ஒரு புள்ளி வரும். ரொம்பக் கிட்ட வந்துட்டா, 'டிராஃபிக்! டிராஃபிக்!'னு காதுல கத்தும். எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும்... கண்ணு கண்டுபிடிச்சுடும்."

"பதில் சொல்லலைன்னா?"

"ஆப்சென்ட் சார். அங்க ஆளே இல்லைன்னு நெனைச்சுக்கும். திரையில இடது பக்கம் காலி. நான் திரும்பினேன்... அவன் அங்க இருந்தான்!"

"பொய்!" ஹால்வர் சீறினார். "கடல்லேர்ந்து தூக்கின விமானத்துல டிரான்ஸ்பாண்டர் ஸ்விட்ச் ஆன்லதான் இருந்துச்சு. ஊரே பார்த்துச்சு! இவ திரையில அவன் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கான் சார். பார்த்துத்தான் இடிச்சிருக்கா!"

வாசிலி தலையாட்டினார். ஸ்விட்ச் ஆனில் இருந்தது உண்மை.

டெல்லா எழுந்துவிட்டாள். திரையில் பார்த்தும் இடித்தாள் என்றால் அது விபத்தல்ல. கொலை! மிச்ச வாழ்க்கை முழுவதும் கம்பிக்குப் பின்னால்தான்.

"இருக்காது சார்... அணைச்சிருப்பான்! இங்க எல்லாரும் அணைக்கறதுதானே?"

அதுவும் உண்மை. ஒரு புள்ளி ஒரே இடத்தில் வட்டமடித்தால், கீழே மீன் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற பைலட்கள் திரையைப் பார்த்து மொய்த்துவிடுவார்கள். அதனால் மீனைக் கண்டதும் கமுக்கமாக டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிடுவது இந்த விரிகுடாவின் வழக்கம். சட்டம் கூடாது என்கிறது. ஆசை கேட்கிறதா?

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி மயிரிழையில தப்பிச்சான் சார். இனிமே அணைக்கவே மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணான். பொய்யன்! செத்தும் என்னை ஏமாத்திட்டான்!"

அழுகையை விட அவள் குரலில் கசப்புதான் அதிகம் இருந்தது.

வாசிலி கருவாட்டைக் கீழே வைத்தார். ஹால்வர் பக்கம் திரும்பினார்.

"அது கிடக்கட்டும் கேப்டன். நேத்து மீன்பாடு எப்படி?"

"எனக்கென்ன சார்? இருநூறு டன்!"

"அடேங்கப்பா! மத்தவங்க?"

"பத்து டன் தேறல ஒருத்தனுக்கும்." தம்பி செத்த துக்கத்திலும் ஹால்வரின் மீசை ஒரு அங்குலம் நிமிர்ந்தது. மீனவனிடம் பிடித்த மீனைப் பற்றிக் கேட்டுவிட்டு, வாயை மூடு என்றால் முடியுமா?

"அதெப்படி கேப்டன்? மேல நாற்பது விமானம். ஒருத்தன் கூடவா உங்க தம்பி எங்க சுத்தறான்னு பார்க்கல?"

"எங்கேர்ந்து பார்ப்பான்? எவன் திரையிலயும் டோர்கில் புள்ளியே கிடையாதே! தேடித் தேடிக் கண்ணு பூத்திருக்கும் பசங்களுக்கு!"

சிரித்தார்.

பாதிச் சிரிப்பில் நின்றார்.



"இப்பதானே பளிச்சுன்னு தெரிஞ்சான்னீங்க?" வாசிலியின் குரல் மெதுவாக வந்தது. "ஸ்விட்ச் ஆன்ல இருந்துச்சு. ஆனா புள்ளி வரல. படகுல இருந்த உங்களுக்கு அது எப்படித் தெரியும் கேப்டன்?"



வாசிலி டிராயரைத் திறந்தார். விரல் தடிமனில் ஒரு கம்பித் துண்டை எடுத்து மேஜையில் போட்டார்.

"டிரான்ஸ்பாண்டரோட ஆன்டெனா ஒயர். சீட்டுக்கு அடியில இருந்துச்சு. மோதி அறுந்திருந்தா பிஞ்சு தொங்கும். இது அழகா திருகிக் கழட்டி, நுனியில கறுப்பு டேப் சுத்தியிருக்கு. ஸ்விட்சைப் போட்டா விளக்கு எரியும். பதில் மட்டும் வெளியே போகாது. பாவம், ஓட்டறவனுக்கே தெரியாது."

ஹால்வர் நாற்காலியில் சரிந்தார்.

"கொல்லணும்னு செய்யல சார்... கூடப் பிறந்தவன் சார் அவன்! எத்தனை தடவை கெஞ்சினேன்... 'டெல்லாவுக்குச் சத்தியம் பண்ணிட்டேன், அணைக்கவே மாட்டேன்'னு ஒத்தக் கால்ல நின்னான். போன வருஷம் அவன் புள்ளியைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் எங்க மீனை அள்ளிட்டுப் போனாங்க... இருபது நிமிஷந்தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு..."

"பதினொண்ணுதான் ஆச்சு," என்றார் வாசிலி. விலங்கை எடுத்தார்.

டெல்லா அந்தக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் வாய் ஓயாமல் திட்டியது அவனையா! பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹால்வரைப் பார்த்தாள்.

"உங்க தம்பி எனக்கு நூறு சத்தியம் பண்ணியிருப்பான் கேப்டன். தொண்ணூத்தொம்பதை அவனே உடைச்சான். ஒண்ணே ஒண்ணைத்தான் காப்பாத்தினான்... அதையும் ஸ்பேனர் வச்சுக் கழட்டிட்டீங்களே!"