பாதியில் நின்ற தரைவேலை

பின்னறையைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கதவோரமும் ஜன்னலோரமும் ஈரம் மினுங்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு தலையணை அகலத்துக்கு மட்டும் தரை அதற்குள் காய்ந்து வெளுத்திருக்கும். வெறுங்காலை வைத்தால் காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டது போலச் சுடும். போதாக்குறைக்கு அந்த இடம் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டும் வந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள்.

ஆனால் சக்கர நாற்காலி சுற்றிக்கொண்டு போகாது. முதுகுத்தண்டில் அறுவை முடிந்த கணவனை மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். குளியலறையோடு சேர்ந்த அறை வீட்டில் அது ஒன்றுதான். நாற்காலி ஓர் இடத்தில் தட்டி அவன் சரிந்தால், அவன் ஆயுளுக்கும் எழுந்திருக்க மாட்டான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

பத்தொன்பது நாளைக்கு முன்பு அவள் ஒரு மேஸ்திரியை வரவழைத்திருந்தாள். அப்போது அங்கே வெறும் விரிசல்தான். டீ குடிக்கும்போதுகூட நீலக் கையுறையைக் கழற்றாத மனுஷன். அதனால் ஊரில் எல்லோருக்கும் அவர் கையுறைக்காரர். விரிசலைச் சுற்றி இரண்டடிக்குத் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார். அவள் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோய்விட்டுச் சாயங்காலம் வந்தபோது ஆளைக் காணவில்லை. பெயர்த்த இடம் வழவழவென்று மூடியிருந்தது. ஏனோதானோவென்று பூசிவிட்டு ஓடிவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். அவருடைய பை அங்கேயே கிடந்தது. வாசலில் செருப்பும் கிடந்தது. செருப்பை விட்டுவிட்டு யாராவது ஓடுவார்களா என்ற கேள்வி வராமலில்லை. இரண்டையும் கொட்டகையில் போட்டுப் பூட்டினாள். கேள்வியையும் அதோடு பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கூப்பிட்ட மூன்று கான்ட்ராக்டர்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். இன்னொருத்தர் தொட்டு நிறுத்திய தரையில், அவரைப் பார்த்துப் பேசாமல் கை வைக்க மாட்டார்களாம். அது அந்தத் தொழிலில் இருக்கிற வழக்கம். நான்காவதாக வந்தவரிடம் என்ன சொல்வதென்று அவள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தாள்.

நான்காமவர் ஐம்பது வயதுக்காரர். கூட வந்த வாட்டசாட்டமான இளைஞன் அவர் மனைவியின் தம்பி; மெஷின் ஓட்டுபவன் அவன்தான்.

"இதுல இதுக்கு முன்னாடி யாராவது கை வெச்சாங்களாம்மா?" என்று கேட்டார் கான்ட்ராக்டர்.

"இல்லண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. உள்ள என்ன ஓடுதுன்னு திறந்து பாத்தவனுக்குத்தான் தெரியும். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நான் பிளேடு வெக்க மாட்டேன்."

"யாரும் வரலண்ணே. நீங்கதான் மொத ஆளு."

"எங்கக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட மாமா இவ்ளோ கேள்வி கேக்கல," என்றான் மச்சான், மெஷினை இறக்கிக்கொண்டே. அவளும் சிரித்துவைத்தாள்.

கான்ட்ராக்டர் குந்தி உட்கார்ந்து சுத்தியல் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக் என்று சுவரோரத்திலிருந்து அறையின் நடுவரைக்கும் ஒரே மாதிரி கெட்டியான ஒலி. மேட்டின் மேல் தட்டினார். சத்தம் வரவில்லை. ஓங்கித் தட்டினார். காம்பு பட்டது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எதுவும் எட்டவில்லை. அவர் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெந்நீர்க் குழாய் உள்ள ஒடஞ்சிருக்கும்," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "மொதல்ல குழல் பிளேடால வட்டமா அறுத்து ஒரு கோர் எடுத்துப் பாத்துருவோம் மாப்ள."

தூசி வெளியே போகாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தினார்கள். வட்ட வாய் கொண்ட அந்தக் குழல் பிளேடு தண்ணீரைக் குடித்துக்கொண்டே தரைக்குள் இறங்க, வீட்டுப் பாத்திரங்களெல்லாம் அலமாரியில் கிணுகிணுக்க, சாம்பல் நிறச் சேறு அவள் கால்விரல்களுக்கிடையில் வந்து வெதுவெதுப்பாக ஒட்டியது. ஈர சிமெண்டு வாசனைதான் முதலில் வந்தது. பிறகு அதற்கடியிலிருந்து தலைமுடி கருகுகிற நாற்றம் கிளம்பியது. வெளியே நல்ல வெயில். யாரோ வண்டி கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பட்டப்பகலில் என்ன பயம் என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

மச்சான் குழலைத் தட்டி, அறுந்து வந்த கான்கிரீட் உருளையை வெளியே எடுத்தான். கைக்கு அடக்கமான உருளை. கான்ட்ராக்டர் அதைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். ஜல்லி, சிமெண்டு, மறுபடி ஜல்லி. நடுவில் பட்டையாக ஏதோ துணி. துணிக்குள் வெள்ளையாக ஒரு சின்ன வளையம்.

"பழைய பிளாஸ்டிக் குழாயா இது?"

துணி நீலமாக இருந்தது.

அந்த நீலம் அவளுக்குத் தெரியும். இப்போது சொல்லிவிட வேண்டும், இந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாளைக் காலையில் கணவன் வந்து நிற்பான், நிற்கக்கூட முடியாதவன். அவள் வாயைத் திறந்தாள்.

"டீ போடட்டுமாண்ணே?"

"போடும்மா," என்றார் அவர்.

அவள் வாசல்படியைத் தாண்டுவதற்குள் மச்சான் குப்புறப் படுத்துவிட்டான். துளைக்குள் கையை விட்டுத் துழாவினான். "குழாய் ஒண்ணும் தட்டுப்படல மாமா. மெத்துமெத்துன்னு இருக்கு," என்றான். அப்புறம் அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது.

"கை வர மாட்டேங்குது."

"கம்பியில மாட்டிருக்கும். மெதுவா திருப்பு."

"கம்பி இல்ல மாமா. புடிச்சிருக்காங்க."

கான்ட்ராக்டர் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். மணிக்கட்டுவரை இருந்த கை முழங்கைவரை உள்ளே போனது. மச்சான் அலறினான். தரைக்குள் எலும்பு நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவர் உடைக்கும் மெஷினை எடுத்துத் துளையின் விளிம்பில் வைத்தார். சில்லு சில்லாகத் தெறித்த கான்கிரீட் அவள் கன்னத்தைக் கிழித்தது. தெறித்த இடமோ கண்ணெதிரே கசிந்து, நிரம்பி, இறுகியது. முன்பைவிட இறுக்கமாக.

"ஒருத்தர் வந்தாருண்ணே," என்றாள் அவள். தன் குரல்தானா என்றிருந்தது. "பாதியில நின்னுபோச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

"அவர் இப்ப எங்க?"

"செருப்பு இங்கதான் இருக்கு."

அவர் அந்த உருளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் எழுந்துபோய் வட்ட பிளேடு வைத்த பெரிய கட்டரை எடுத்துவந்தார். இடுப்பு பெல்ட்டை உருவி மச்சானின் தோளுக்குக் கீழே முறுக்கிக் கட்டினார். தண்ணீர்க் குழாயை அவளிடம் நீட்டினார்.

"பிளேடு மேல புடி. கை நடுங்கக் கூடாது."

"மாமா, வேணாம் மாமா. இன்னொரு தடவ இழுத்துப் பாரு."

"கண்ண மூடிக்க மாப்ள."

அவள் மண்டியிட்டாள். வலக்கையில் குழாய். விழாமலிருக்க இடக்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். மெஷின் உறுமியது. சட்டை கிழிந்தது. சதை கிழிந்தது. எலும்பில் பிளேடு ஏறியதும் உறுமல் கீச்சென்று மாறியது. சிவப்பாகத் தெறித்து ஜன்னல் கண்ணாடியில் ஒழுகியது. மச்சான் ஒரே ஒரு முறை "அக்கா" என்றான். அதற்கப்புறம் அவன் தலை தொங்கிவிட்டது. அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். நடுங்காமல் ஊற்றினாள்.

மெஷின் நின்றது.

அறுபட்ட கை துளையின் வாயில் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு இறங்கியது. துளை மூடிக்கொண்டது. கொட்டியிருந்த ரத்தமும் சேறும் நடுவை நோக்கி ஓடி, உறிஞ்சப்பட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் போயின.

கான்ட்ராக்டர் மச்சானைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். மூச்சு இருந்தது. அவள் கதவைத் திறந்துவிட எழப்போனாள்.

எழ முடியவில்லை.

இடக்கையைப் பார்த்தாள். விரல்கள் தெரியவில்லை. வலிக்கவும் இல்லை. இளஞ்சூடு மட்டும் மணிக்கட்டைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கை வரல."

அவர் திரும்பினார். கட்டர் அவர் காலடியில்தான் கிடந்தது. தோளில் கிடந்தவனின் ரத்தம் அவர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கணம் கட்டரைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு உயிரில் எது என்று அவர் கணக்குப் போடவே இல்லை, அவன் உயிரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"அண்ணே. ஒரு நிமிஷம்ணே. அறுத்துட்டாவது போங்கண்ணே."

முழங்கை போனது. இழுத்தாள். தோள் போனது. கால்களை உதைத்தாள், முட்டிகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னம் தரையில் பட்டது. தரை சுட்டது. மாவு போலக் குழைந்து கன்னத்துக்கு இடம் கொடுத்தது. ஒரு காது உள்ளே அமிழ்ந்தது.

வெளியிலிருந்த காதில் வேன் கிளம்பித் தெருமுனை திரும்புவது கேட்டது. உள்ளே போன காதில் மூச்சுச் சத்தம் கேட்டது. ஒருவருடையது அல்ல. பலருடையது. இருட்டில், நெருக்கத்தில், தோளோடு தோள் உரசி நகரும் சத்தம்.

அவளுக்காக நகர்ந்து இடம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.