கூரையில் பழுத்த ஸ்ட்ராபெரி

காலையில் கட்டிலைச் சுவருக்குள் மடித்துத் தள்ளினால்தான் அடுப்பு வெளியே வரும். செவ்வாய்க் கிரகத்துக் குடியிருப்பில் எல்லா வீடும் அப்படித்தான். நாலு பேர் உள்ளே வந்துவிட்டால் ஐந்தாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். அந்த வீட்டுக்குள்தான் பவளக்கொடி ஸ்ட்ராபெரி வளர்த்தாள்.

தரையில் ஏது இடம்? கூரையை ஒட்டி நீளமாக ஒரு தொட்டி கட்டினாள். மண் கிடையாது. சத்து கலந்த நீரைப் பனிபோல வேர்மேல் தூவும் ‘வேர்ப்பனி’க் குழாய் மட்டும்தான். அதன் கருவியை வைக்க இடம் போதவில்லை என்று வீட்டிலிருந்த ஒரே நாற்காலியையும் கிடங்கில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று முதல் கணவர் குழந்தைவேலு நின்றுகொண்டே சாப்பிட்டார்.

“ஏம்மா, கடையில டியூப்ல ஸ்ட்ராபெரி கிடைக்குதே. பிதுக்கினமா, தின்னமான்னு போயிடலாம்ல?”

“அது ஆலையில காய்ச்சுற கூழுங்க. பழத்தை அது கண்ணால பார்த்திருக்குமா?”

செவ்வாயில் தேனீயும் இல்லை. பூத்ததும் தன் பின்னல் நுனியாலேயே மகரந்தத்தைப் பூவுக்குப் பூ தடவினாள். காய்கள் சிவந்தபோது பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

“பார்த்துக்கோ, தொடாதே. கண்காட்சிக்குப் போகுது.”

குடியிருப்பின் உணவுக் கண்காட்சியில் ‘மணமானி’ என்ற கருவி பழங்களை முகர்ந்துவிட்டு, “போலி” என்றது. அங்கே எல்லாருக்கும் தெரிந்தது டியூப் வாசனைதான். கருவிக்கும் அதையே பழக்கியிருந்தார்கள்.

நடுவர் ஞானப்பிரகாசம் ஆறுதலாகச் சொன்னார்: “அலங்காரப் பிரிவுல வச்சிடலாம்மா. பொம்மை ரொம்பத் தத்ரூபமா இருக்கு.”

“பொம்மையா?”

பவளக்கொடி ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டாள்.

“ஐயோ, துப்புங்க! பிளாஸ்டிக்!” என்று கூட்டம் அலறியது. அவள் நிதானமாக மென்றாள். மோவாயில் சாறு வழிந்தது. இன்னொரு பழத்தை நடுவரிடம் நீட்டினாள்.

“கடிச்சுப் பாருங்க. அப்புறம் பேசுங்க.”

தயங்கித் தயங்கிக் கடித்தார். முதலில் புளிப்பு, பின்னாலேயே இனிப்பு, பல்லிடுக்கில் குட்டிக் குட்டி விதைகள். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. முதல் பரிசு பவளக்கொடிக்கே.

கொஞ்ச நாளில் டியூப் ஆலைக்காரர்கள் தேடி வந்தார்கள். பழச் சாற்றை ஆராய்ந்து, அதே ருசியில் புதுக் கூழ் காய்ச்சி, ‘பவளக்கொடி ஸ்ட்ராபெரி’ என்று பெயரிட்டுக் கடைகளில் நிரப்பினார்கள். டியூப் மேல் அவள் சிரித்த முகம். குழந்தைவேலு அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “என் சம்சாரம்” என்று பார்ப்பவரிடமெல்லாம் நீட்டினார்.

அடுத்த விளைச்சலில் முதல் பழத்தை மெஹருன்னிசாவுக்குக் கொடுத்தாள். அவள் மெல்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எப்படிடி இருக்கு?”

மெஹருன்னிசாவின் கண்கள் விரிந்தன. “அக்கா! அப்படியே டியூப்ல வர்ற அதே ருசி! கொஞ்சங்கூட வித்தியாசம் தெரியலையே, எப்படிக்கா?”

பவளக்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை.

“சும்மாவா? அந்த ருசியை வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்” என்றாள்.