சின்னவள் வேலையை விட்டாள்

“திங்கக்கிழமையிலேருந்து இவன்தான் நம்ம லாண்டரிக்கு மேனேஜர். சின்னவளே, உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் இவனுக்குச் சொல்லிக் குடுத்துடு. ஒரே மாசத்துல ஆளாக்கிடணும், சரியா?”

பெரியவர் இதைச் சொன்னபோது சின்னவள் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிறைந்ததும் கெட்டிலை மேசைமேல் வைத்தாள். பெரியவருக்குப் பக்கத்தில் அவருடைய மச்சினன், புதுச் சட்டையும் புதுச் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தான்.

சின்னவள் என்பது இளைய மருமகளாக அந்த வீட்டுக்குள் வந்த நாளில் ஒட்டிக்கொண்ட பெயர். காதோரம் நரை விழுந்த பிறகும் அது மாறவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே லாண்டரி. முதலாளி பெரியவர். வேன் ஓட்டுவது அவருடைய தம்பி, அதாவது சின்னவளின் கணவன். பில் போடுவது பெரியவரின் மனைவி. மற்றதெல்லாம் சின்னவள்தான். எந்த மூட்டை எந்த வார்டிலிருந்து வந்தது, எந்தக் கறைக்கு எந்த மருந்து, மெஷின் எப்படி முனகினால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், வேலை செய்யும் பெண்களில் இன்று யாருக்கு முடியவில்லை... எல்லாம் அவள் தலையில்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருந்தாள். “மாமா, மேனேஜர் பொறுப்பை எனக்கே குடுங்களேன். புதுசா ஹோட்டல் வேலை பிடிக்கலாம்னு ஒரு யோசனை வெச்சிருக்கேன்.” பெரியவர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கும்மா பதவி? இது உன் சொந்தக் கம்பெனி மாதிரி!”

மாதிரி! அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

இப்போது அவள் நாற்காலியை இழுத்து, பெரியவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் எதிரே அவள் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை.

“தம்பிக்கு எல்லாம் சொல்லித் தரேன் மாமா. ஆனா இந்த ஒரு மாசம்தான். அதோட நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்.”

பலகாரம் எடுத்து வந்த மாமியாரின் கையிலிருந்த தட்டு டங்கென்று மேசையில் விழுந்தது.

“என்னடி சொல்றே?”

“ஆஸ்பத்திரியில சொந்தமா லாண்டரி ஆரம்பிக்கிறாங்க அத்தை. அதுக்குப் பொறுப்பா என்னைக் கூப்பிட்டாங்க. வரேன்னு சொல்லிட்டேன்.”

பெரியவரின் முகம் கறுத்தது. அந்த ஆஸ்பத்திரிதான் அவர்களுடைய பெரிய வாடிக்கை. அங்கிருந்து வரும் விரிப்புகளில்தான் பாதிக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஓகோ! இத்தனை நாளா உள்ளேயே இருந்து குழி பறிச்சிருக்கே! என் வாடிக்கையைத் தட்டிக்கிட்டுப் போய் உனக்குப் பதவி வாங்கிக்கிட்டியா? கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி நினைச்சேனே உன்னை!”

“நான் எதையும் தட்டிக்கிட்டுப் போகல மாமா...”

“பேசாதே! ஒரு மாசமும் வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம். சாவியை வை இங்கே!”

அவள் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “என் ரெண்டு பிள்ளைங்களையும் பிரிக்க வந்தியாடி? அந்த மனுஷன் படுக்கையில கிடந்தப்போ உன் கையால கஞ்சி குடிச்சுட்டுக் கண்ணை மூடினாரே... அந்தக் கையாடி இது!”

அந்தப் பேச்சுதான் சின்னவளை உலுக்கிவிட்டது. மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, வெளியூரில் கிடைத்த நல்ல வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டவள் அவள். கண்ணீர் முட்டியது. மேசைக் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். அவன் தட்டில் இல்லாத எதையோ விரலால் தேடிக்கொண்டிருந்தான். ஓரகத்தி, பெரியவரின் மனைவி, சுவரோடு சுவராக நின்றாள்.

மத்தியானம் அவள் அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கணவன் உள்ளே வந்தான். அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குள் இருப்பதே அவனுக்கு விநோதமாக இருந்தது.

“அண்ணன் முன்னாடி போட்டு உடைச்சிட்டியே... கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?”

“போன வாரமே உங்ககிட்டச் சொன்னேன். ‘பார்க்கலாம், பார்க்கலாம்’னீங்க. எதைப் பார்த்தீங்க?”

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். “அவனை மேனேஜராப் போட்டது எனக்கும் பிடிக்கலதான். அந்தக் கோபத்துல...”

“கோபமா?” அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “கோபத்துல கிளம்பினா, கோபம் ஆறினதும் திரும்பி வந்துடுவேங்க. எத்தனையோ தடவை அப்படித்தான் திரும்பி வந்திருக்கேன். இது கோபமில்ல. முன்னெல்லாம் ராத்திரி படுத்தா, நாளைக்கு மாமாகிட்ட இதைக் கேக்கணும், அதைச் சொல்லணும்னு மனசு துடிக்கும். திட்டினாலும் மறுபடி போய்க் கேப்பேன். ஒருநாள் விரிப்பு மடிச்சுக்கிட்டே யோசிச்சேன்... கடைசியா எப்ப கேட்டேன்னு. ஞாபகமே வரல! கேக்கறதையே விட்டுட்டேங்க. இங்க இனிமே நான் வளரமாட்டேன், தேஞ்சுதான் போவேன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.”

அவன் கட்டில் விரிப்பின் ஓரத்தை விரலால் சுருட்டினான்.

“அண்ணனை விட்டு வாங்கன்னு உங்களைக் கூப்பிடல. வேனை நிறுத்தச் சொல்லல. நான் துரோகி இல்லன்னு உங்களுக்குத் தெரியும். அதையாவது சொல்லியிருக்கலாமே...” அவள் குரல் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் பெரியவரின் குரல் இடியாக இடித்தது. “டேய் தம்பி! வேன் சாவியைக் குடு! அந்த ஆஸ்பத்திரி மேட்ரனை நாலு கேள்வி கேட்டுட்டு வரேன். என் வீட்டுப் பொண்ணை எனக்கு எதிராத் தூண்டி விடறதுக்கு அவங்க யாரு?”

கணவன் எழுந்து வெளியே போனான். சின்னவளும் பின்னாலேயே வந்தாள். வேலைக்காரப் பெண்கள் லாண்டரி வாசலில் கூடியிருந்தார்கள்.

“சாவியைக் குடுடா!”

“தரமாட்டேண்ணே.”

பெரியவர் காதில் விழாததுபோல் பார்த்தார். பிறந்ததிலிருந்து தம்பி அவரிடம் சொல்லாத வார்த்தை அது.

“ஆஸ்பத்திரிக்குப் பின்னால அந்தக் கட்டடம் எழும்பறதை நான் தினம் தினம் பார்த்தேண்ணே. அஸ்திவாரம் தோண்டினதுலேருந்தே தெரியும். லாண்டரிதான் கட்டறோம்னு வாட்ச்மேன் சொன்னார். இவளுக்கு வேலை குடுக்கறதுக்கு எத்தனையோ முன்னாடி! உங்ககிட்ட வந்து சொன்னா என்மேல பாய்வீங்கன்னு பயந்துட்டுச் சொல்லாம இருந்தேன். காலைல இவளைக் கேவலமாப் பேசினீங்க... அப்பவும் நான் பொம்மை மாதிரி உக்கார்ந்திருந்தேன்.” அவன் உதடுகள் துடித்தன. “இவ எதையும் பறிக்கலண்ணே. எனக்குத்தான் வாய் இல்லாமப் போச்சு!”

பெரியவர் பதில் சொல்வதற்குள், அவர் மனைவி அவருக்கும் வேனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“இன்னும் இருக்கு, கேளுங்க. போன வருஷம் மலிவா இருக்குன்னு ஏதோ சலவை மருந்து வாங்கிட்டு வந்தீங்களே... விரிப்பெல்லாம் இத்துப்போய் வந்தது. அப்பவே ஆஸ்பத்திரிக்காரங்க நம்மை நிறுத்தறதா இருந்தாங்க. மேட்ரன் போன் பண்ணினப்போ நான்தான் எடுத்தேன். ‘உங்க சின்னவங்க வந்து என் முன்னாடி உக்கார்ந்தாங்க. எங்ககிட்டயே வேலைக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். வேண்டாம், எங்க லாண்டரிக்கு இன்னொரு வாய்ப்புக் குடுங்க, ஒவ்வொரு மூட்டையையும் நானே பார்த்து அனுப்பறேன்னு கெஞ்சினாங்க’ன்னு அந்தம்மா சொன்னாங்க. வீட்டுல சொல்லாதீங்கக்கா, மாமா மனசு உடைஞ்சு போவாருன்னு இவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நானும் சொல்லல...” அவள் விசும்பினாள். “அப்புறம் என் தம்பிக்கு ஒரு இடம் வேணுமேன்னு நினைச்சேன் பாருங்க, அப்ப சொல்லவே தோணல. காலைல கூட வாய் எழல!”

பெரியவர் அப்படியே அழுக்கு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஆறடி மனுஷர் திடீரென்று சுருங்கிப் போனதுபோல் இருந்தார். மாமியார் வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சின்னவளே...” பெரியவர் காலையில் வாங்கி வைத்த சாவிக் கொத்தை நீட்டினார். “நீயே மேனேஜரா இரும்மா. இந்த நிமிஷத்துலேருந்து. இவன் உனக்குக் கீழே வேலை கத்துக்கட்டும். சாவியை வாங்கிக்கோ.”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் கையை நீட்டவில்லை.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி இதை நீங்க சொல்லியிருந்தா, உங்க காலைத் தொட்டு வாங்கியிருப்பேன் மாமா. இப்ப நீங்க மனசாரத்தான் குடுக்கறீங்க, தெரியுது. ஆனா நான் போறேங்கற பயத்துல குடுக்கறீங்க. இந்தப் பயம் நாளைக்குத் தெளிஞ்சிடும். நான் மறுபடியும் வீட்டுப் பொண்ணா ஆயிடுவேன்.”

“அப்போ மன்னிக்க மாட்டியா?”

“மன்னிச்சாச்சு மாமா! மன்னிக்கறது வேற, தங்கறது வேற. ஒரு மாசம் இருக்கேன். ஆஸ்பத்திரி போனா நாம விழுந்துட மாட்டோம். என்கிட்ட இருக்கற ஹோட்டல் யோசனையைத் தம்பிக்குச் சொல்லித் தரேன். அவன் சின்னப் பையன், பதவிக்கு ஆசைப்பட்டது தப்பில்ல. வேலையைக் கத்துக்கட்டும்.”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு, “கத்துக்கறேன்க்கா” என்றான். காலையில் இருந்த சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

ஓரகத்தி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “என்னைத் திட்டுடி... நாலு வார்த்தை திட்டிட்டாவது போடி!” சின்னவள் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். இருவரும் நின்ற இடத்திலேயே அழுதார்கள். மாமியார் மெல்ல வந்து, காலையில் பழித்த அதே கைகளைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சொன்னபடி அந்த மாதம் முழுக்க அவள் உழைத்தாள். மச்சினனைக் கூட்டிக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினாள். இரண்டு இடங்களில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது இடத்தில் வேலை கிடைத்தது. பேசியவன் மச்சினன். அவள் பக்கத்தில் சும்மா நின்றாள்.

புது வேலைக்குப் போகும் நாளில் கணவன் வேனைக் கிளப்பினான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். “நீங்க ஹோட்டல் மூட்டையை எடுக்கணும். நேரமாச்சு, போங்க. நான் பஸ்ல போய்க்கறேன்.”

ஆஸ்பத்திரி லாண்டரியில் கூரையைத் தொடும் உயரத்தில் ஒரு மெஷின் நின்றது. அவள் பார்த்தேயிராத பொத்தான்கள், தெரியாத எழுத்துகள். அதை நிறுவ வந்த டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தான்.

“மேடம், இந்த மாடலை இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?”

“இல்ல” என்றாள் சின்னவள். கூச்சமில்லாமல், முகமெல்லாம் மலர, ஸ்டூலை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “முதல்லேருந்து சொல்லுங்க. நான் நிறையக் கேள்வி கேப்பேன்... பரவாயில்லையா?”